மலை ரயிலுக்கு எதற்கு அந்த வேகம்?

நீலகிரி மலை ரயிலைப் படம் எடுத்து, சுற்றியுள்ள காட்டைக் கோடு கோடாக இழுத்து, புல்லட் ரயில் பாய்ந்து வருவதைப் போலப் பதிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிற வண்டி அது. ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் ஏறிவரக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆகிறது. பல்சட்டப் பாதையில் இன்ஜின் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். ஆகவே இன்ஜின் முன்னால் நின்று நம்மை நோக்கி வருகிறது என்றால், வண்டி பிரேக் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நிதானத்தைத் துடைத்துவிட்ட பிறகு அது மலை ரயிலின் படமே அல்ல.

இப்படிக் கோடாக இழுத்து மங்கலாக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு மிகவும் பிடித்த உத்தி அது. ஃபிலிம் காலத்தில் ஷட்டர் திறந்திருக்கும் அந்தச் சிறு பொழுதுக்குள் ஜூம் வளையத்தைத் திருப்பி இதே விளைவைக் கொண்டுவந்தார்கள். 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நம் ஊட்டியில்தான் இருந்தது. அந்த ஆலையின் ‘இந்து’ (Indu) ஃபிலிமில் படம் எடுத்த தலைமுறைக்கு ஒவ்வொரு ஃபிரேமும் காசு. வளையத்தைத் தொடும் முன்பே யோசித்தார்கள். கணினியில் அந்த யோசனைக்கு இடம் தருவது விளைவைத் தானாகவே போட்டுத்தரும் ஃபில்டர் அல்ல, லேயரை (போட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாளை) கையால் பெரிதாக்கும் முறைதான் என்பது என் உறுதியான கருத்து.

செய்வது எளிது. படத்தின் லேயரை நகலெடுங்கள். நகலை 100.25 சதவீதமாகப் பெரிதாக்கி, ஓபாசிட்டியை (அடியில் உள்ளதை மறைக்கும் அளவை) 50 சதவீதம் ஆக்கி, கீழுள்ளதோடு சேர்த்துவிடுங்கள். சேர்ந்த லேயரை மீண்டும் நகலெடுத்து இதேபோல 100.5, பிறகு 101, பிறகு 102. நான்கே சுற்றில் 16 படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மொத்த விரிவு 4 சதவீதத்துக்கும் குறைவு. அகலம் 6000 பிக்சல் உள்ள படத்தில், மையத்திலிருந்து ஓரம் 3000 பிக்சல் தள்ளி இருக்கிறது. கால் சதவீதம் என்றால் அங்கே ஏழெட்டு பிக்சல் நகர்வு, கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும். எடுத்த எடுப்பில் ஒரு சதவீதம் வைத்தால் 30 பிக்சல் தாவி, கிளைகள் இரட்டை இரட்டையாக நிற்கும். சிறிதாக்க வேண்டாம், ஓரங்கள் காலியாகிவிடும்.

இதில் உயிர்நாடி மையப்புள்ளி. மையத்திலிருந்து வெளியே இழுத்து மங்கலாக்கும் போட்டோஷாப்பின் பழைய ரேடியல் பிளர் ஃபில்டரில் ஒரு சிறு கட்டத்துக்குள் உத்தேசமாகத்தான் மையத்தைக் குறிக்க முடியும்; கீழே படம் தெரியாது. லேயரைப் பெரிதாக்கும்போதோ அந்தப் புள்ளியை இன்ஜினின் கொதிகலன் வட்டத்தின் நடுவில் கொண்டுபோய் வைக்கலாம், புகைபோக்கியின் வாயில் வைக்கலாம். எங்கே வைக்கிறோமோ அது அசையாது. மற்ற எல்லாம் அதைவிட்டு விலகும். எதை நிலைநிறுத்துவது என்று யோசிக்காமல் இந்த வேலையைத் தொடங்கவே முடியாது, அதனால்தான் இந்த முறையை இவ்வளவு வற்புறுத்துகிறேன். திரும்பத் திரும்பப் பெரிதாக்குவதில் மையமும் சற்று மென்மையாகிவிடும் என்பதால், தொடாத மூலப்படத்தை மேலே வைத்து, மாஸ்க் (லேயரின் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு இன்ஜின் முகத்தை மட்டும் திறந்துவிடுங்கள்.

கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்புக்கு இன்னும் அழகான வழி உண்டு. அகலத்தை 100-லேயே நிறுத்தி உயரத்தை மட்டும் கூட்டுங்கள். உரிந்து தொங்கும் பட்டையும் வெளிறிய தண்டும் மேலும் கீழுமாகக் கரைந்து நீர்வண்ண ஓவியம் போல ஆகும். தண்டுகளின் விளிம்பு மட்டும் நேராக நிற்கும். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கும் இது பொருந்தும். கீழே இருக்கும் தேயிலைச் செடிகளை மாஸ்க்கால் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

லேயரைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி மறுபடி பழைய அளவுக்கு விரித்தாலும் மென்மையான மங்கல் கிடைக்கும். லேயர் ‘ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்’ என்ற வகையாக இருந்தால் கிடைக்காது. அது மூலத்தைப் பத்திரமாக வைத்திருந்து அப்படியே திருப்பித் தந்துவிடும். சாதாரண லேயராக மாற்றிக்கொண்டு செய்யுங்கள்.

ஆனால் தயவுசெய்து இதைக் கொண்டு மூடுபனியை உருவாக்காதீர்கள். இந்த மலையில் வசிக்கும் எவரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். பனி எதையும் கலைப்பதில்லை. தூரம் போகப் போக நிழலின் கருமையை வெளுக்கச் செய்கிறது, அவ்வளவுதான். பத்தடியில் இருக்கும் தேயிலைக் கொழுந்தின் ரம்பப் பல் விளிம்பு பனியிலும் தெளிவாகவே தெரியும். நூறடியில் நிற்கும் மரம் சாம்பல் நிறமாகும், உருவம் குலையாது. முழுப் படத்தையும் மங்கலாக்கிவிட்டு ‘ஊட்டிப் பனி’ என்று தலைப்பிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பனி வேண்டுமென்றால் அதிகாலையில் ஊட்டிக்கு அருகே உள்ள லவ்டேல் பக்கம் நடந்து போங்கள், தானாகவே கிடைக்கும்.

இன்னொன்று. மங்கலின் அளவைக் கடைசியாகக் காட்டப்போகும் அளவில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். 6000 பிக்சலில் 30 பிக்சல் நகர்வு, கைபேசிக்காக 1080-க்குச் சுருக்கும்போது ஐந்து பிக்சல் சொச்சம்தான். திரையில் போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போய், அதே கோப்பைச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சடித்தால், இன்ஜினைத் தவிர எதுவும் மிஞ்சாது. அச்சுக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இரண்டு கோப்புகளாகவே செய்துகொள்ளுங்கள்.