மார்க்கெட்ட மறந்துட்டு வேர்ல்ட் கப் நடத்தாதீங்க

குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாரமா ஒரே பேச்சு. 2027 கிரிக்கெட் வேர்ல்ட் கப்புக்கு தென்னாப்பிரிக்காவுல நம்ம டர்பன் கிங்ஸ்மீட் ஸ்டேடியத்துலயும் மேட்ச் இருக்கு, இந்தியாவுல இருந்து கூட்டம் கூட்டமா வருவாங்க, பின்னாடி ரூம இப்பவே ரெடி பண்ணி ஏர்பிஎன்பில போட்டுடலாம்னு ஆளாளுக்கு கணக்குப் போடுறாங்க. சின்ன மாமா மட்டும் ஒரு வார்த்தை பேசல. ஏன்னு எனக்குத் தெரியும். அதான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் போகும்.

2010 ஃபுட்பால் வேர்ல்ட் கப் வருதுன்னு மாமா டர்பன்ல சாட்ஸ்வொர்த் ஏரியா வீட்ல ரெண்டு ரூம் இழுத்துக் கட்டினாரு. எல்லாம் பேங்க் லோன். டைல்ஸ், கீசர், நாலு கட்டில், ரெண்டு டிவி. புது பெட்ஷீட்ட அத்தை பாக்கெட் பிரிக்காம அலமாரியில வச்சிருந்தாங்க, ஆளுங்க வர்ற அன்னிக்குத்தான் விரிக்கணும்னு. அந்த ஒரு மாசத்துல வந்தது ஒரே ஒரு குடும்பம், மூணு ராத்திரி தங்கிட்டுப் போயிட்டாங்க. லோன் அடைக்க ஆறு வருஷம் ஆச்சு. மாமா முட்டாள்தனமா எதுவும் செய்யல, எல்லாரும் சொன்னத நம்பினாரு, அவ்வளவுதான். நாலரை லட்சம் வெளிநாட்டுக்காரங்களுக்கு மேல வருவாங்கன்னு பேப்பர்ல எல்லாம் போட்டாங்க, கடைசியில கணக்கெடுத்தப்போ வந்தது 3 லட்சத்து 9 ஆயிரம் சொச்சம்.

நானும் அப்போ வுவுசெலா ஊதினவதான். பீச்ல பெரிய ஸ்கிரீன் முன்னாடி ஜூலு, தமிழ், வெள்ளக்காரன்னு பார்க்காம எல்லாரும் கட்டிப்பிடிச்சு ஆடினோம், அந்த சந்தோஷம் பொய்யில்ல. பீச் ஓரமா போட்ட நடைபாதையில இன்னிக்கும் காலையில நடக்குறேன். ஆனா மோசஸ் மபிடா ஸ்டேடியம்? 106 மீட்டர் உயர வளைவு, 3 பில்லியன் ராண்டுக்கு மேல செலவு, வேர்ல்ட் கப்ல நடந்தது ஏழே மேட்ச். ஷார்க்ஸ் ரக்பி டீம் இன்னும் பக்கத்துல இருக்கிற பழைய கிங்ஸ் பார்க்லயேதான் ஆடுது. ஜெர்மனி ஸ்பெயின் செமிஃபைனல் அன்னிக்கு என்னாச்சுன்னு ஞாபகம் இருக்கா, அந்த மே மாசம்தான் திறந்த கிங் ஷாகா ஏர்போர்ட்ல பணக்காரங்களோட பிரைவேட் ஜெட்டா வந்து நிறைஞ்சுபோய், டிக்கெட் வாங்கின சாதாரண ரசிகருங்க வந்த விமானம் இறங்க இடமில்லாம திரும்பிப் போச்சு.

இதெல்லாம் விடுங்க. எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம் வார்விக்ல நடந்தது, டர்பன் டவுன்ல டாக்ஸியும் மார்க்கெட்டுமா இருக்கிற இடம்.

எங்க ஆயாவுக்கு அங்க ஏர்லி மார்னிங் மார்க்கெட்ல ஒரு மேசை. விடிகாலை மூணரைக்கு பக்கில, அதான் சின்ன பிக்கப் வண்டியில, கீரை ஏறும், கூடவே நானும் ஏறுவேன். கீரைக்கட்டு மேல ஈரச் சாக்கைப் போட்டு மூடி, மடும்பின்னு சொல்ற சேப்பங்கிழங்குல மண்ணு தட்டி, கறிவேப்பிலைய நியூஸ்பேப்பர்ல சுருட்டி வைக்கிறதுக்குள்ள முதல் டாக்ஸி கூட்டம் வந்துடும். ஜூலு அம்மாங்க ‘கோகோ’ன்னு, அவங்க மொழியில பாட்டின்னு, கூப்பிட்டு ஆயாகிட்ட பேரம் பேசுவாங்க, ஆயா ஜூலுலயே பதில் குடுப்பாங்க. கரும்புத் தோட்டத்துல ஒப்பந்தம் முடிஞ்சு துண்டு நிலத்துல காய்கறி போட்ட நம்ம ஆளுங்க 1910ல ஆரம்பிச்ச மார்க்கெட் அது, அப்புறம் எல்லாருக்கும் சோறு போட்ட இடம். வார்விக் வழியா ஒரு நாளைக்கு 4 லட்சம் பேருக்கு மேல போறாங்க வர்றாங்க.

2009ல நகராட்சி சொல்லுச்சு, இத இடிச்சுட்டு மால் கட்டப் போறோம், வேர்ல்ட் கப்புக்கு முன்னாடி ஊர் புதுசாகணும்னு. ஜனங்க விடல, ராத்திரியெல்லாம் மார்க்கெட்டுக்குள்ளயே படுத்தாங்க. போலீஸ் வந்து ரப்பர் குண்டு சுட்டாங்க. ஆயாவுக்கு அப்போ 71 வயசு, சேலை முந்தானைய இடுப்புல சொருகிட்டு மேசையைப் பிடிச்சுட்டு நின்னாங்க, ‘எங்க அம்மா நின்ன இடம்டா இது’ன்னு. கோர்ட்டு கேஸுன்னு இழுத்து, கடைசியில மால் வரல. 2010ல மார்க்கெட்டுக்கு நூறு வயசு, ட்ரூரோ கப்பல்ல நம்ம ஆளுங்க இங்க வந்து இறங்கி 150 வருஷம். இப்போ வெளிநாட்டு டூரிஸ்டுங்க காசு குடுத்து கைடு வச்சு அதே வார்விக்க சுத்திப் பார்க்குறாங்க. இடிச்சிருந்தா அவங்களுக்குக் காட்ட என்ன இருந்திருக்கும்?

அதே 2009ல நடந்த இன்னொண்ணு. இந்தியாவுல எலெக்‌ஷன்னு ஐபிஎல்ல மூணு வாரத்துல அப்படியே நம்ம நாட்டுக்கு மாத்தினாங்க. கிங்ஸ்மீட் நிரம்பி வழிஞ்சுது, சென்னை டீம் ஆடுறத நம்ம ஊர்லயே உக்காந்து பார்த்தோம். அதுக்குன்னு ஒரு ஸ்டேடியமும் புதுசா கட்டல, யாரோட கடையும் போகல. காம்ரேட்ஸ்னு நெடுந்தூர ஓட்டப் பந்தயம் 1921ல இருந்து, ஜூலை குதிரைப் பந்தயம் 1897ல இருந்து நடக்குது, வருஷா வருஷம் ஹோட்டல் நிரம்புது. காம்ரேட்ஸ் அன்னிக்கு ரோட்டோரமா மேசை போட்டு ஆரஞ்சு வெட்டிக் குடுக்கிற நம்ம வீட்டுப் பிள்ளைங்கள யாரும் துரத்துறதில்ல. ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில்ல வர்ற கூட்டத்துக்கு எந்த நகராட்சி மார்க்கெட்டிங் பண்ணுச்சு சொல்லுங்க. ஊரோட சேர்ந்து வளர்ந்த கூட்டம் இதெல்லாம், அதனாலதான் காசு நம்ம தெருவுலயே சுத்துது. 2010ல ஸ்டேடியம் பக்கத்துல வேர்க்கடலை விக்கக்கூட விடல.

அப்புறம் 2022 காமன்வெல்த் கேம்ஸ். 2015ல நமக்குத்தான்னு கொண்டாடினாங்க, 2017 மார்ச்ல பணம் பத்தலன்னு கையவிட்டுப் போச்சு, பர்மிங்காம் எடுத்துக்கிச்சு. அந்த 2022 ஏப்ரல்ல வெள்ளம் வந்து 400 பேருக்கு மேல போயிட்டாங்க, சாக்கடை கலந்து பீச்செல்லாம் மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. ஊருக்கு வர்ற ஆளு முதல்ல கேக்குறது கடல்ல இறங்கலாமான்னுதான். அந்தச் சாக்கடைக் குழாய சரி பண்றதுதான் டூரிஸம்னு நான் சொல்வேன்.

2027க்கு ஸ்டேடியம் ஏற்கனவே இருக்கு, அது நல்ல விஷயம், வரட்டும், நானும் டிக்கெட் எடுப்பேன். ஆனா லோன் போட்டு ரூம் கட்டாதீங்க, இருக்கிற ரூம வெள்ளையடிச்சு வச்சா போதும். கிங்ஸ்மீட் வாசல்ல சமோசா, பன்னி சவ் (பிரெட்டைக் குடைஞ்சு குழம்பு ஊத்தினது), வேகவச்ச சோளம் விக்க நம்ம ஆளுங்களுக்கு பர்மிட் உண்டா இல்லையான்னு இப்பவே எழுத்துல கேக்கணும், மேட்ச்சுக்கு ஒரு வாரம் முன்னாடி கேட்டா வேலைக்காகாது. வார்விக்ல மேசை வச்சிருக்கிறவங்க யாராவது இத படிச்சா கூரை எங்க ஒழுகுது, எந்த டாய்லெட் பூட்டிக் கிடக்குதுன்னு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. ஆயா மேசையில இப்போ என் அத்தை மகதான் நிக்கிறா, அவகிட்ட குடுத்தாலும் சரி. எல்லாத்தையும் சேர்த்து வார்டு கவுன்சிலர்கிட்ட நானே கொண்டுபோய் குடுக்குறேன்.