ஏசி 43.13-1பி: ஒரு சிறு திருத்தம்

அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ இலவசமாகத் தரும் ஏசி 43.13-1பி என்ற விமானப் பழுதுநீக்க வழிகாட்டி (ஏசி என்றால் ஆலோசனைச் சுற்றறிக்கை) இருந்தால் விமானத் தயாரிப்பாளரின் கையேடு தேவையில்லை என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல, மன்னிக்கவும். ரிவெட், வயரிங், துரு பற்றியெல்லாம் அருமையாக விளக்கும் புத்தகம்தான். நானே அடிக்கடி புரட்டுவேன். ஆனால் தயாரிப்பாளரின் பழுதுநீக்கக் குறிப்போ பராமரிப்புக் குறிப்போ இல்லாதபோது மட்டுமே அது செல்லும். அதுவும் உயரத்தில் பறக்கும்போது உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்படாத விமானப் பகுதிகளுக்குத்தான்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். எஃப்ஏஏ தளத்தில் அந்த பிடிஎஃப்பை இறக்கி, 1998 தேதியிட்ட முதல் பக்கத்தில் 'நோக்கம்' என்ற பத்தியைப் படியுங்கள். இரண்டே நிமிடம். அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 14ஆம் தலைப்பில் விமானப் பராமரிப்பு பற்றிய 43.13 விதியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டைத்தான் அது முதலில் சொல்கிறது.