1909 என்ற எண்ணில் பதிந்தால் மட்டும் விளம்பர அழைப்புத் தொல்லை தீராது
விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று 1909 என்ற தொலைபேசி எண்ணில் பதிவு செய்தாலே அவை நின்றுவிடும் என்கிறது இது பற்றி நான் படித்த கட்டுரை. முறையாக விளம்பரம் செய்பவர்கள்தான் 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பார்கள். ஆனால் பெங்களூரில் எனக்கு வருபவையெல்லாம் சாதாரணப் பத்து இலக்க எண்கள். தேவனஹள்ளியில் மனை வேண்டுமா என்று கன்னடத்தில் ஆரம்பித்து, நான் தடுமாறியதும் இந்திக்குத் தாவி, கடைசியில் "சார், தமிழா?" என்று குழைகிறார்கள். தெரியாத எண்ணை எடுக்கவே கூடாது என்று அந்தக் கட்டுரைக்கான கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனைதான், ஆனால் அடுக்கக வாசலில் எரிவாயு உருளையோடு நிற்பவரும் அப்படியொரு எண்ணிலிருந்துதானே கூப்பிடுகிறார்! அழைப்பு வந்தபின் புகார் தரும் அவகாசத்தை 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 3 நாளிலிருந்து 7 நாளாக நீட்டியது உண்மை. அதற்குள் அழைத்தவர்கள் அந்த சிம் கார்டையே தூக்கிப் போட்டிருப்பார்கள்.