வெறி பந்து மேல் இருக்கட்டும்

மெல்போர்னில் ஒரு ஃபுட்டி (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்) டீம் அடுத்தடுத்து இரண்டு வாரம் தோற்றால் போதும், ரயிலிலும் ஆபீஸ் கிச்சனிலும் ஒரே பேச்சுதான்: "பசங்ககிட்ட வெறி பத்தல." அதே டீமில் ஒருத்தர் எதிராளி தாடையில் ஒன்று விட்டு சஸ்பெண்ட் ஆகிவிட்டால், மறுநாள் பேச்சு மாறிவிடும்: "கட்டுப்பாடே இல்லாத டீம்." பல வருஷமாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். இரண்டையும் சொல்பவர்கள் ஒரே ஆட்கள்தான். அவர்கள் மனதில் ஒரு தராசு இருக்கிறது. முரட்டுத்தனத்தை ஒரு தட்டிலும் ஒழுக்கத்தை இன்னொரு தட்டிலும் வைத்து, முள் நடுவில் நின்றால் கோப்பை நமக்கு என்று நினைக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கணக்கே தப்பாகப் படுகிறது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபுட்டி பழக்கமில்லாத நண்பர்களும் இங்கே இருப்பதால் ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஓவல் மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர். பெரும்பாலானவர்களுக்கு வாயில் ஒரு மவுத்கார்டு மட்டும்தான் பாதுகாப்பு. தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே பிடித்து டேக்கிள் பண்ணலாம். பந்து ஐந்து மீட்டருக்குள் இருந்தால் தோளாலோ இடுப்பாலோ ஆளை இடிக்கலாம், அதுதான் பம்ப். ரக்பி மாதிரி ஆஃப்சைடு கிடையாது. அதனால் இடி எதிரிலிருந்து மட்டும் வராது, முதுகுப் பக்கமிருந்தும் வரும், பக்கவாட்டிலும் வரும். உயரப் போகும் பந்து விழும் திசையிலேயே ஓடிக்கொண்டு, தலையைத் திருப்பிப் பந்தை மட்டும் பார்த்தபடி ஒருவர் போகிறார் என்று வையுங்கள். அந்தப் பக்கமிருந்து யார் எந்த வேகத்தில் வருகிறார் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. தரையில் உருளும் பந்தை எடுக்கக் குனிபவருக்கும் அப்படித்தான், தலைதான் முதலில் உள்ளே போகும்.

இப்படித் தலையைக் கொடுக்க ஒருவருக்கு எப்படித் துணிச்சல் வருகிறது? எதிரே வருகிறவரும் பந்துக்குத்தான் வருகிறார், என் தலையைக் குறிவைத்து வரவில்லை என்று நம்புவதால் வருகிறது. அந்த நம்பிக்கை போய்விட்டால் யாரும் குனிய மாட்டார்கள். எல்லோரும் அரை அடி தள்ளி நின்று கையை மட்டும் நீட்டுவார்கள், ஆட்டமே சப்பென்று போய்விடும். ஆக, இந்த ஆட்டத்தின் முரட்டு அழகு முழுக்க ஒழுக்கத்தின் மேல்தான் நிற்கிறது. ஒழுக்கம் கூடக்கூட வெறி குறையும் என்பது பந்துக்காக உயிரைக் கொடுத்து ஆடும் ஒரு டீமைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்கள் சொல்வது.

பழைய ஆட்கள் 1989 கிராண்ட் ஃபைனலைப் (கோப்பைக்கான இறுதி ஆட்டம்) பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். ஹாத்தார்னுக்கும் ஜீலாங்குக்கும் எம்சிஜியில் (மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம்) நடந்த ஆட்டம். அம்பயர் பந்தைத் தரையில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் முதல் பவுன்ஸ் நடக்கும்போதே ஜீலாங்கின் மார்க் யேட்ஸ் பந்தைச் சட்டை செய்யாமல் ஓடிப்போய் ஹாத்தார்னின் டெர்மட் பிரியர்ட்டன் மேல் முழு வேகத்தில் மோதினார். பிரியர்ட்டனுக்கு விலா எலும்பு உடைந்தது, சிறுநீரகத்திலும் அடி. மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். வெளியே வரச் சொன்னார்கள், வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு மார்க் (உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடிப்பது) பிடித்து கோலும் அடித்தார். அதே டீமின் ராபர்ட் டிபியர்டொமெனிக்கோ நுரையீரல் கிழிந்த நிலையில் ஆட்டத்தை முடித்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் யேட்ஸின் மோதலைத்தான் ஆஹா ஓஹோ என்று சொல்வார்கள். நான் ஸ்கோர்போர்டைப் பார்க்கச் சொல்வேன். ஜீலாங் ஆளைக் குறிவைத்து ஆடிய முதல் குவார்ட்டர் முடிந்தபோது ஹாத்தார்ன் 8 கோல், ஜீலாங் 2 கோல், வித்தியாசம் 40 புள்ளிகள் (கோலுக்கு 6 புள்ளி, சற்றுத் தள்ளிப் போனால் பிஹைண்ட், அதற்கு 1 புள்ளி). அதற்கப்புறம் ஜீலாங் பந்தைத் துரத்தியது. கேரி ஆப்லெட் தனி ஆளாக 9 கோல் அடித்தார். கடைசி சைரன் அடிக்கும்போது ஹாத்தார்ன் 144, ஜீலாங் 138. ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் கோப்பை போனது. எதிராளியின் விலாவை உடைக்கச் செலவழித்த அந்த முதல் குவார்ட்டரில் பாதி நேரம் பந்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஜீலாங் ரசிகர்கள் எத்தனையோ பேர் ஏங்கியிருப்பார்கள். அன்றைய முரட்டு ஆட்டக்காரர் யார் என்று என்னைக் கேட்டால், அடி வாங்கிய பிரியர்ட்டன்தான்.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 1985-இல், ஹாத்தார்னின் லீ மேத்யூஸ் பந்து எங்கோ இருக்கும்போது ஜீலாங்கின் நெவில் புரூன்ஸின் தாடையை உடைத்தார். நாலு வாரத்துக்கு ஆட்டக்காரர் என்ற அவர் பதிவையே ரத்து செய்தார்கள், போலீஸ் வழக்கும் போட்டது. இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர், பிற்பாடு கோச்சாக காலிங்வுட்டுக்கு ஒன்றும் பிரிஸ்பேனுக்கு மூன்றுமாக நாலு கோப்பை வாங்கித் தந்தவர். அந்தப் பெருமைக்கு அந்த ஒரு அடி எதையும் சேர்க்கவில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். பிரேஷா குடும்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேரைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது.

தம்பி ஆண்ட்ரூ பிரேஷா. 2018 ஆகஸ்ட், பெர்த்தில் வெஸ்ட் கோஸ்டுக்கும் ஃப்ரீமேன்டிலுக்கும் டெர்பி, அதாவது ஒரே ஊர் டீம்களின் மோதல். ஃப்ரீமேன்டிலுக்காக ஆடிய அவருக்கு அப்போது 18 வயது. பந்து வேறு பக்கம் போய்விட்டது. வெஸ்ட் கோஸ்டின் ஆண்ட்ரூ கேஃப் திரும்பி ஒரு குத்து விட்டார். தாடை உடைந்தது, பற்கள் இடம் பெயர்ந்தன. பையனுக்கு அந்த சீசன் அங்கேயே முடிந்தது. கேஃப் அதுவரை எந்த வம்புக்கும் போகாதவர், சஸ்பெண்ட் ஆனதே இல்லை. நெஞ்சில் இடிக்கத்தான் நினைத்தேன் என்று லீக்கின் விசாரணைக் குழுவான ட்ரிப்யூனலில் சொன்னார். 8 ஆட்டம் தடை. அந்த வருஷம் வெஸ்ட் கோஸ்ட் காலிங்வுட்டை 5 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்துக் கோப்பை வாங்கியது. கேஃப் களத்தில் இல்லை.

அவரை நான் கெட்டவர் என்று சொல்லவில்லை. நல்ல மனிதருக்கும் ஒரு நொடியில் கை நீளும் என்பதுதான் இதில் என்னை உலுக்குகிறது. நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே ஓடினால் யாருக்குமே எரிச்சல் வரும். அந்த எரிச்சலை என்ன செய்வது என்பதற்கும் கிளப்பில் பயிற்சி வேண்டும், கிக்குக்கும் ஹேண்ட்பாலுக்கும் (பந்தைக் கையால் குத்திப் பாஸ் கொடுப்பது) கொடுக்கிற மாதிரி. "நிதானமா இரு" என்று இடைவேளையில் கத்துவதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

அண்ணன் ஆங்கஸ் பிரேஷாவின் கதை இன்னும் கடினமானது. 2023 செப்டம்பர், எம்சிஜியில் முதல் வார ஃபைனல் (கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்கள் எல்லாவற்றையுமே ஃபைனல் என்பார்கள்). மெல்போர்ன் டீமுக்கு ஆடிய ஆங்கஸ் பந்தை உதைக்கிறார். காலிங்வுட்டின் பிரேடன் மேனார்ட் அதைத் தடுக்க முன்னால் பாய்ந்து எகிறுகிறார். காற்றில் இருப்பவரால் திரும்ப முடியாது. தோள் ஆங்கஸின் தலையில் இடித்தது, ஆங்கஸ் நினைவிழந்து விழுந்தார். இதற்கு முன்பே தலையில் அடிபட்டு ஹெல்மெட் போட்டு ஆடியவர் அவர். மேனார்டுக்குத் தண்டனை எதுவும் இல்லை என்று ட்ரிப்யூனல் சொல்லிவிட்டது. காலிங்வுட் அந்த வருஷம் கோப்பை வாங்கியது, மேனார்டும் களத்தில் இருந்தார். ஆங்கஸ் 2024 பிப்ரவரியில், 28 வயதில், ஓய்வு அறிவித்தார்.

அந்த இரவு மேனார்ட் பந்துக்குத்தான் போனார். நான் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்துகிறது, ஆனாலும் ஒரு மனிதரின் ஆட்ட வாழ்க்கை முடிந்துவிட்டது. இதில் என் கருத்துக்கு இடிக்கிற இடம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பந்தைப் பார்த்துப் போனால் மட்டும் போதாது. எகிறினால் எங்கே போய் விழுவோம் என்பதையும் எகிறுவதற்கு முன்பே யோசிக்கிற கடமை ஆட்டக்காரருக்கு உண்டு. 2024-க்கு, இந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான ஏஎஃப்எல் விதியை அப்படித்தான் மாற்றியது: உதையைத் தடுக்க எகிறி எதிராளியின் தலையில் இடித்தால், பொதுவாக அதைக் கவனக்குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். "ஆட்டத்தையே கெடுக்கிறார்கள்" என்று கத்தினவர்கள் நிறைய. நான் அந்த மாற்றத்தின் பக்கம். பழைய ஆட்டக்காரர்கள் பாலி ஃபார்மர், டேனி ஃப்ராலி, ஷேன் டக் மூன்று பேரின் மூளையிலும் சிடிஇ (தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளை நோய்) இருந்தது அவர்கள் இறந்த பிறகுதான் தெரிந்தது. பெண்கள் ஆட்டத்தில் ஹெதர் ஆண்டர்சனுக்கும் அதேதான், இறந்தபோது வயது 28. இத்தனைக்கும் அப்புறம் தலையை இடித்தால் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதெல்லாம் பெரிய மைதானக் கதை. எங்கள் பக்கத்து ஜூனியர் டீமில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். குளிர்காலத்து ஞாயிறு காலை, புல் முழுக்க ஈரம், கோட்டுக்கு வெளியே பெற்றோர்கள் காப்பிக் கப்போடு. அம்பயர் பதினைந்து வயதுகூட ஆகாத பையன், சட்டை தொளதொளவென்று இருந்தது. எங்கள் டீமில் உடல்வாகான ஒரு பையன், எதிராளி பந்தைக் கொடுத்து முடித்த பிறகும் விடாமல் அவனைச் சுழற்றித் தரையில் அடித்தான். விசில். கோச் உடனே அவனை வெளியே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, "பந்து போயாச்சு இல்லையா, அப்புறம் எதுக்கு அவன் உனக்கு?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவன் கையைப் பிடித்து, டேக்கிளில் எதிராளியோடு சேர்ந்து பக்கவாட்டில் எப்படி விழ வேண்டும், எதிராளியின் ஒரு கை எப்போதும் ஏன் விடுபட்டிருக்க வேண்டும் என்று செய்து காட்டினார். இரண்டு கையும் மாட்டிக்கொண்டால் விழுகிறவனால் ஊன்ற முடியாது, தலைதான் தரையில் படும்.

என் பக்கத்தில் நின்ற ஒரு அப்பா, இளமையில் கிராமத்து லீக்கில் ஆடியவர், "இப்படி வளர்த்தா பசங்க பூனையாயிடுவாங்க" என்றார். அடுத்த குவார்ட்டரில் அந்தப் பையன் மறுபடி உள்ளே போனான். முதல் பந்துக்கே இரண்டு பேர் நடுவில் தலையைக் கொடுத்து எடுத்தான். அவனிடம் எதுவும் குறையவில்லை, எங்கே செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டான், அவ்வளவுதான்.

பெரிய ஆட்டத்தில் இதற்கு உதாரணம் கேட்டால் சிட்னியின் ஜிடபிள்யூஎஸ் டீமில் ஆடும் டோபி கிரீனைச் சொல்வேன். 2019-இல் ஒரு வாரத் தடையால் ப்ரிலிமினரி ஃபைனலில் (கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டம்) ஆட முடியாமல் போனவர். 2021 ஃபைனல் ஒன்றில் அம்பயர் மேல் இடித்துக்கொண்டு போனதற்கு முதலில் 3 ஆட்டம், ஏஎஃப்எல் அப்பீல் செய்ததும் 6 ஆட்டம். அம்பயர் விஷயத்தில் அந்தக் கண்டிப்பு நியாயம். டிவியில் அதைப் பார்த்து மறுநாள் உள்ளூர் மைதானத்தில் அந்தத் தொளதொள சட்டைப் பையனிடம் எகிறுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆட்டத்தில் கையை விரித்து அம்பயரிடம் முறைத்தால் 50 மீட்டர் பெனால்டி (எதிராளி டீமுக்குப் பந்தை 50 மீட்டர் முன்னால் நகர்த்திக் கொடுப்பது) என்று 2022-இல் கண்டிப்பாக்கியதும் சரிதான். சரி, கிரீனுக்கு வருவோம். கிளப் அவரை ஒதுக்கவில்லை, பொறுப்பைக் கொடுத்தது. கேப்டன் ஆனார், 2023-இல் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணிக்கே கேப்டனாக அறிவிக்கப்பட்டார். அவரிடம் அந்த முரட்டுத்தனம் இன்னும் இருக்கிறது, அதற்கப்புறமும் ஒரு பம்புக்காகத் தடை வாங்கியிருக்கிறார். ஆனால் டீம் அவரைப் பார்த்து ஆடுகிறது, அவர் என்ன செய்துவிடுவாரோ என்று பயந்து ஆடவில்லை.

கடைசியாக ஒரு கோரிக்கை, இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். உள்ளூர் லீக்குகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு அட்டை உண்டு. ஏஎஃப்எல்லில் இன்றுவரை ஒரு ஆட்டக்காரரை வெளியே அனுப்ப விதி இல்லை. 2018 டெர்பியில் தாடை உடைந்தவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், உடைத்தவர் தொடர்ந்து ஆட விதி இடம் கொடுத்தது. அந்த வருஷம் மாற்று ஆள் இறக்கும் வசதியும் கிடையாது, ஃப்ரீமேன்டில் பெஞ்சில் ஒரு ஆள் குறைவாக ஆடியது. ட்ரிப்யூனல் கொடுத்த 8 ஆட்டத்தில் ஒன்றுகூட ஃப்ரீமேன்டிலுக்கு எதிரான அன்றைய ஆட்டம் இல்லை.

அட்டை வந்தால் கிராண்ட் ஃபைனலே கெட்டுவிடும், அம்பயர் தவறாகக் காட்டிவிட்டால் என்ன செய்வது என்பார்கள். கோலா பிஹைண்டா என்று வீடியோவில் பார்த்துத்தானே சொல்கிறார்கள், இதையும் பார்க்கட்டும். பந்து அருகில் இல்லாதபோது விட்ட குத்துக்கு மட்டும் அட்டை இருக்கட்டும், டேக்கிளுக்கும் பம்புக்கும் வேண்டாம். களத்தில் 18 பேரும் இருக்கட்டும், பெஞ்சிலிருந்து ஒருவர் உள்ளே வரட்டும். அடித்தவர் மட்டும் திரும்ப வரக்கூடாது. அடிபட்டவர் டீமுக்குப் பெஞ்சில் ஒரு ஆள் குறைந்தால், அடித்தவர் டீமுக்கும் குறையட்டும். விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, தன் ஆளை எந்த நிமிஷமும் வெளியே கூப்பிடும் அதிகாரம் கோச்சிடம் இன்றைக்கே இருக்கிறது.