அரிசி சும்மா வந்தது, உலைத் தண்ணி?

2020 ஏப்ரல். ரேஷனில் கார்டுக்கு 1000 ரூபாயும், அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயும் இலவசமாகக் கொடுத்தார்கள். நல்ல காரியம்தான். பையோடு வந்த பக்கத்து வீட்டு மதினி திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். ஒரு நாளைக்கு நல்ல தண்ணி 4 குடம், குடம் 10 ரூபாய், மாசம் 1200. "குடுத்த ஆயிரமும் தண்ணி லாரிக்கே பத்தாது போலயே!" என்று சிரித்தார். மீன்பிடிக்கிற அவர் வீட்டுக்காரர் மார்ச் ஊரடங்கிலிருந்தே கடலுக்குப் போகாமல் கரையில் இருந்தார். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்துகொண்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். ராமநாதபுரம் கடற்கரையில் தண்ணீர் இரண்டு சாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. போர்வெல்லில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. குளிக்க, துவைக்க அதுதான். நல்ல தண்ணி குடிக்கவும் சமைக்கவும் மட்டும்.

டிவியில் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னார்கள். உப்புத் தண்ணியில் சோப்பு எங்கே நுரைக்கும்? தயிர் திரிந்த மாதிரி கையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டும். மதினியின் சின்ன மகன் நல்ல தண்ணிக் குடத்தில் டம்ளரை விட்டு மொண்டு கழுவினான். முதுகில் ஒன்று விழுந்தது. அப்புறம் அவரே, "ஒரு டம்ளர்தான்டா, பாத்து ஊத்து" என்றார். அரை லிட்டர் வீதம் 5 பேர் 10 தடவை கழுவினால் 25 லிட்டர். கிட்டத்தட்ட 2 குடம். அந்த 20 ரூபாயை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

லாரி வந்தால் இன்னொரு கூத்து. தெருவில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வெயில் தாங்காமல் குடத்தை வட்டத்தில் வைத்துவிட்டு சனமெல்லாம் ஒரே வேப்பமர நிழலில் நெருக்கியடித்து நின்றது. சமூக இடைவெளி விட்டது குடங்கள்தான். பார்த்தவர்கள் "இவங்களுக்கு அறிவே இல்ல" என்றார்கள். வீட்டுக்குள் குழாய் இருக்கிறவர் சொல்ல எளிது.

காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 616 கோடியில் 2009-ல் வந்தது. திருச்சி முத்தரசநல்லூரிலிருந்து குழாய். அதைக் கொண்டுவந்தவர்களுக்குக் கும்பிடு. ஆனால் அத்தனை தூரம் ஓடிவரும் குழாயின் வால் நுனியில் இருக்கிறோம். வழியில் எங்கே உடைந்தாலும், எங்கே கரண்ட் போனாலும் முதலில் காய்வது எங்கள் குடம். அதிலும் பட்டா இல்லாத குடிசைக்கு இணைப்பு வாங்குவது தனிக் கதை.

"எல்லாத்தையும் ஓசியில கேக்குறாங்க" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 15 லிட்டர் குடம் 10 ரூபாய் என்றால் 1000 லிட்டருக்கு சுமார் 667 ரூபாய். உங்கள் வீட்டுத் தண்ணீர் வரி ரசீதை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் தண்ணிக்கு அதிகம் கொடுப்பது குடிசைக்காரர்கள்தான்.

நான் கேட்பது இதுதான்: ஊரடங்கு, புயல் என்று சனத்தை வீட்டில் இருக்கச் சொல்லும் நாட்களில் அரிசி மாதிரி நல்ல தண்ணியும் கார்டுக்கு இத்தனை குடம் என்று தெருமுனைக்கு வரட்டும். பெரிய விஞ்ஞானம் வேண்டாம், அதே லாரி, அதே குடம். "குழாய் போட்டாச்சு" என்று கணக்குக் காட்டும்போது அதில் வருவது எந்தத் தண்ணி என்றும் எழுதட்டும்.

போன வாரம் மதினி குடம் வைக்கிற தள்ளுவண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டார். குடம் இப்போது 15 ரூபாய்.