நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுக்காதீர்கள்
ஆத்தூர், தலைவாசல் பக்கம் மாடுகள் கன்று வீசுவது (சினை கலைவது) பற்றி வந்த கட்டுரை, வெயிலையும் தீவனத்தையும் மட்டுமே காரணம் சொல்கிறது. சினை 5 மாதம் தாண்டி வீசினால் கருவைக் கலைக்கும் புருசெல்லா என்ற பாக்டீரியாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்; ரத்தம் எடுத்துப் பரிசோதியுங்கள். கொடி விழாமல் தொங்குகிறதென்று வெறுங்கையால் இழுப்பது பெரிய ஆபத்து. கை வெடிப்பு வழியாகக் கிருமி ஏறினால் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். முழங்கை வரை கையுறை போட்டு, வீசிய கன்றையும் கொடியையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பச்சைப்பால் யாருக்கும் வேண்டாம், மருந்துக்கென்றாலும்கூட. புருசெல்லாவுக்கான எஸ்19 தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை. அது உயிருள்ள கிருமி. சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே கருவைக் கலைத்துவிடலாம்.