குட்டை தாண்ட ஆள் தேவை

காலை நேரம். போட்டோ வாக், அதாவது நடந்துகொண்டே படம் எடுக்கப் போகிற கூட்டம் ஒன்று தெருவில் நகர்கிறது. நகர்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. பத்தடிக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது. கடைசியில் இருவர். தம்பி கேமராவுக்குப் புதிது: முதுகில் பை, கழுத்தில் 200 மி.மீ. லென்ஸ், கையில் முக்காலி. அக்கா இப்படி நடந்து பழகியவர்: ஒரு பழைய கேமரா, ஒரு 50 மி.மீ. லென்ஸ், அவ்வளவுதான். நடத்துபவர் கிளம்பும்போதே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அந்தக் காலத்து ஃபிலிம் சுருள் மாதிரி ஆளுக்கு 36 படம்தான். அழிக்கவும் கூடாது.

தம்பி: அக்கா, ஒரு சந்தேகம். தெரியாமல் அமுக்கியதும் கணக்கில் வருமா?

அக்கா: வரும்.

தம்பி: என் செருப்பை நாலு தடவை எடுத்திருக்கிறேன்.

அக்கா: செருப்பாவது ஷார்ப்பாக வந்திருக்கிறதா?

தம்பி: இல்லை. அது அப்போது நடந்துகொண்டிருந்தது.

அக்கா: சரி, வேறு என்ன எடுத்தாய்? காட்டு. இது என்ன, ராத்திரி எடுத்ததா?

தம்பி: இப்போதுதான் எடுத்தேன். அதோ அந்த மரம்.

அக்கா: எங்கே மரம்?

தம்பி: உள்ளே இருக்கிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரியும்.

அக்கா: எல்லாவற்றையும் நாமே வைக்கிற மேனுவல் மோடா?

தம்பி: ஆமாம். ஆட்டோவில் எடுப்பவன் போட்டோகிராஃபரே இல்லை என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

அக்கா: மேனுவலில் என்ன வைக்க வேண்டும் என்று சொல்லவில்லையா?

தம்பி: அது இரண்டாம் பாகமாம். இன்னும் வரவில்லை.

அக்கா: வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளைக்கான எண் எஃப் 16, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/4000 நொடி என்று வைத்திருக்கிறாய். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டி இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 100க்கு 1/100. வெளிச்சம் அளக்கிற மீட்டர் இல்லாத கேமராக்காரர்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் காலம் தள்ளினார்கள். நீ விட்டது அதில் நாற்பதில் ஒரு பங்கு வெளிச்சம்.

தம்பி: ஷட்டர் வேகமாக இருந்தால் ஆடாமல் வரும் என்றார்களே.

அக்கா: மரம் எங்கே தம்பி ஓடப்போகிறது? டயலை அப்பர்ச்சர் பிரயாரிட்டிக்குத் திருப்பு. துளை எவ்வளவு என்று மட்டும் நீ சொல், ஷட்டரை அது பார்த்துக்கொள்ளும். எஃப் 2 வை.

தம்பி: என்னுடையது 4க்குக் கீழே இறங்காது. அதனால் என்ன, 16தானே பெரிய துளை?

அக்கா: என் லென்ஸ் 50 மி.மீ. எஃப் 2 என்றால் 50ஐ 2ஆல் வகு. துளை 25 மி.மீ. எஃப் 16 என்றால்?

தம்பி: 50ஐ 16ஆல்... மூன்று சொச்சம்.

அக்கா: எது பெரியது?

தம்பி: அக்கா, வகுத்தலுக்குப் பயந்துதான் நான் கலைப்பக்கமே வந்தேன்.

(கூட்டம் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கிறது. சுவர்மேல் ஒரு பூனை. எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். பூனைக்கு இது புதிதில்லை போலிருக்கிறது.)

தம்பி: எடுத்துவிட்டேன்! ஆனால் சுவர் ஏன் சாம்பலாக இருக்கிறது?

அக்கா: மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு என்று எதுவும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவரைக் காட்டினால் அடடா, வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். கறுப்பு எருமையைக் காட்டினால் கூட்டிவிடும். நாம்தான் திருத்த வேண்டும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் +1 வை.

தம்பி: அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது?

அக்கா: உன் கேமராவில்.

தம்பி: கண்டுபிடித்துவிட்டேன். +1. இப்போது பாருங்கள், சுவர் பளிச்சென்று வந்துவிட்டது!

அக்கா: அருமை. பூனை?

தம்பி: நான் பட்டனைத் தேடும்போது கிளம்பிவிட்டது.

அக்கா: மிச்சம் எத்தனை?

தம்பி: பதினொன்று.

அக்கா: இன்னும் பாதித் தெருகூட வரவில்லை! எதில் இத்தனை போயிற்று?

தம்பி: பூனையைத் தொடர்ச்சியாக எடுக்கிற மோடில் வைத்துவிட்டேன். விரலை எடுப்பதற்குள் தடதடவென்று...

அக்கா: உட்கார்ந்திருக்கிற பூனையை?

தம்பி: திடீரென்று பாய்ந்தால்?

அக்கா: முதலில் அந்த உலக்கையைக் கொஞ்சம் ஒழுங்காகப் பிடி. 200 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் 1/200க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் ஆடும்.

தம்பி: இதில் ஆட்டம் தாங்குகிற வசதி இருக்கிறது, அக்கா.

அக்கா: அது உன் கை ஆடுவதைத்தான் தாங்கும். எதிரில் இருப்பவர் ஆடினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சரி, அதோ ஒரு சைக்கிள் வருகிறது. பேனிங் செய்து பார்க்கிறாயா?

தம்பி: 1/200தானே?

அக்கா: இதற்கு மட்டும் 1/30.

தம்பி: இப்போதுதானே இறங்கக் கூடாது என்றீர்கள்!

அக்கா: சும்மா நிற்கும்போது இறங்கக் கூடாது. இங்கே சைக்கிளோடு சேர்ந்து நீயும் திரும்பப் போகிறாய். அவர் தெளிவாக நிற்பார், பின்னால் இருக்கிற தெரு கோடு கோடாக ஓடும். காலை ஊன்றிக்கொள், இடுப்பை மட்டும் திருப்பு. அமுக்கிய பிறகும் நிறுத்தாதே, திருப்பிக்கொண்டே இரு. முக்காலியைக் கீழே வை. வருகிறார்... திரும்பு... ஏன் நிறுத்திவிட்டாய்?

தம்பி: அவர் நிறுத்திவிட்டார்.

அக்கா: எதற்கு?

தம்பி: கேமராவைப் பார்த்தார். பிரேக் பிடித்தார். தலையை வாரிக்கொள்கிறார்.

அக்கா: அவரைப் போகச் சொல்லு!

தம்பி: சொன்னேன். எடுக்காமல் போக மாட்டாராம்.

அக்கா: ஒன்று எடுத்துக் கொடுத்துவிடு, பாவம்.

தம்பி: எடுத்துவிட்டேன். 1/30. அவர் ஆடாமல் நிற்கிறார், தெருவும் ஆடாமல் நிற்கிறது. நான் மட்டும் ஆடியிருக்கிறேன்.

(கூட்டம் முன்னால் போய்விட்டது. ராத்திரி பெய்த மழையில் சந்தின் நிழலில் ஒரு குட்டை தேங்கி நிற்கிறது. அக்கா நின்றுவிடுகிறார்.)

தம்பி: எல்லோரும் போய்விட்டார்கள், அக்கா.

அக்கா: போகட்டும். பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்டியே பிரெஸ்ஸோன் எடுத்த படம் ஒன்று பார்த்திருப்பாய். 1932, பாரிஸ், சாங் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால். ஒருவர் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறார். குதிகால் தண்ணீரைத் தொடப்போகிறது, இன்னும் தொடவில்லை. கீழே நிழலுருவம் தலைகீழாக.

தம்பி: அவரிடம் என்ன லென்ஸ்?

அக்கா: இதைத்தான் கேட்பாய் என்று தெரியும். வேலிப் பலகை இடுக்கு வழியாக எடுத்தார். லென்ஸ் முழுதாக உள்ளே போகவில்லை, இடது பக்கம் பலகை மறைத்துவிட்டது. படத்தை வெட்டுவதே பிடிக்காத மனிதர் அதை வெட்ட வேண்டியதாயிற்று.

தம்பி: அவரே வெட்டியிருக்கிறார் என்றால் நான் என் செருப்பை வெட்டிவிடலாமா?

அக்கா: வெட்டினால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சும்? உட்கார். கேமரா தண்ணீர் மட்டத்துக்கு வரட்டும், அப்போதுதான் பிரதிபலிப்பு முழுதாகக் கிடைக்கும். இன்னும் கீழே.

தம்பி: பை பின்னால் இழுக்கிறது, அக்கா. விழுந்துவிடுவேன் போலிருக்கிறது.

அக்கா: கழற்றி வை. ஆள் எங்கே இறங்குவார் என்று நினைக்கிறாயோ அந்தக் கல்லில் ஃபோகஸ் பிடித்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடு. ஆள் வந்த பிறகு ஆட்டோ தேடிக்கொண்டிருந்தால் அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். எஃப் 8, ஷட்டர் 1/1000. இது நிழல், அதனால் ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்று.

தம்பி: வைத்துவிட்டேன். அப்புறம்?

அக்கா: அப்புறம் ஒன்றுமில்லை. காத்திருக்க வேண்டியதுதான்.

தம்பி: எவ்வளவு நேரம்?

அக்கா: ஆள் வருகிற வரைக்கும்.

(ஆட்கள் வருகிறார்கள்.)

தம்பி: இந்த அம்மா சுவரோரமாகப் போய்விட்டார்.

அக்கா: விடு.

தம்பி: இந்தப் பையன் நேராகத் தண்ணீருக்குள்ளேயே நடந்து போகிறான்!

அக்கா: விவரமான பையன்.

தம்பி: நாய் வருகிறது. தாண்டும் அக்கா, நாய் கட்டாயம் தாண்டும்... குடிக்கிறது.

அக்கா: அமுக்காதே. மிச்சம் எத்தனை?

தம்பி: இரண்டு. நாய் குடிப்பதை எட்டு எடுத்துவிட்டேன். அந்தத் தொடர்ச்சி மோடை மாற்ற மறந்துவிட்டேன்.

அக்கா: ஒரு பெரியவர் வருகிறார். தாண்டுகிற மாதிரிதான் காலை வைக்கிறார்.

தம்பி: நின்றுவிட்டார். நம்மைப் பார்க்கிறார். குட்டையைப் பார்க்கிறார். ஏதாவது உள்ளே விழுந்துவிட்டதா என்று கேட்கிறார்.

அக்கா: ஒன்றும் விழவில்லை என்று சொல்லு.

தம்பி: சொன்னேன். நம்பவில்லை. அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். சரியாக என் கல்மேல் நிற்கிறார்.

(பெரியவர் தேடி முடித்துப் போகக் கொஞ்ச நேரம் ஆகிறது.)

அக்கா: இப்படியே உட்கார்ந்திருந்தால் குட்டை காய்ந்துவிடும். நீயே தாண்டு, நான் எடுக்கிறேன்.

தம்பி: நானா?

அக்கா: இதற்கு லென்ஸ் தேவையில்லை. ஓடி வா.

தம்பி: வருகிறேன்... ஹப்பா! கிடைத்ததா?

அக்கா: சற்றுப் பிந்திவிட்டது. கால் எழும்பும்போதே அமுக்க வேண்டும். உச்சியில் இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அமுக்கினால் ஆள் கீழே இறங்கிவிடுகிறான். இன்னொருமுறை.

தம்பி: ஹப்பா! இப்போது?

அக்கா: கால் நன்றாக வந்திருக்கிறது. முகம்தான் கடன்காரனைப் பார்த்து ஓடுகிற மாதிரி இருக்கிறது. என் 36ம் முடிந்தது. எழுந்திரு, இடம் மாற்றிக்கொள்வோம். நான் தாண்டுகிறேன், நீ எடு.

தம்பி: நீங்களா? வழுக்கும் அக்கா!

அக்கா: தொடர்ச்சி மோடை மாற்று. ஒரே ஒரு தடவைதான் தாண்டுவேன். கால் எழும்பும்போது அமுக்கு. ரெடியா?

தம்பி: ரெடி.

(அக்கா நாலடி பின்னால் போகிறார், ஓடி வருகிறார், தாண்டுகிறார். அந்தப் பக்கம் சுத்தமாக இறங்குகிறார்.)

அக்கா: எப்படி?

தம்பி: பிரமாதம்! கை இரண்டும் விரிந்து, குதிகால் அப்படியே தண்ணீருக்கு ஒரு விரல்கடை மேலே...

அக்கா: காட்டு, காட்டு.

தம்பி: கேமராவில் இல்லை, அக்கா. நான் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அக்கா: தம்பி!

தம்பி: நீங்கள் அவ்வளவு உயரம் போவீர்கள் என்று யார் எதிர்பார்த்தது? இன்னொரு தடவை...

அக்கா: முட்டி போய்விட்டது. இனி ஆள் வந்தால்தான் உண்டு.

தம்பி: அக்கா, வேகமாக ஒரு சைக்கிள் வருகிறது. நேராகக் குட்டையைப் பார்த்துத்தான் வருகிறது! தண்ணீர் இரண்டு பக்கமும் தெறிக்கும்!

அக்கா: 1/1000 அப்படியே இருக்கிறதா? ஃபோகஸ் கல்மேல்தானே? அசையாதே. முன் சக்கரம் தண்ணீரைத் தொடும் முன்பே அமுக்கு.

தம்பி: வருகிறார்... வருகிறார்... ஐயோ, அதே அண்ணன்!

அக்கா: நிறுத்திவிட்டாரா?

தம்பி: நட்டநடுக் குட்டையில். ஒரு காலைத் தண்ணீரில் ஊன்றிக்கொண்டு தலை வாருகிறார். முன்னால் எடுத்ததில் முகம் சரியாக வந்ததோ என்னவோ, இதையும் எடுத்துவிடுங்கள் என்கிறார்.

அக்கா: எடு தம்பி. காலையிலிருந்து உனக்கு ஆடாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். தண்ணீரில் அவர் உருவம் தலைகீழாகத் தெரிகிறதா?

தம்பி: சைக்கிளோடு, சீப்போடு தெரிகிறது.

அக்கா: பிறகென்ன, அமுக்கு.

தம்பி: அமுக்கிவிட்டேன். ஷார்ப் அக்கா, முடி முடியாகத் தெரிகிறது! வெளிச்சமும் சரியாக இருக்கிறது!

அக்கா: சபாஷ். அவரிடமும் காட்டு.

தம்பி: காட்டலாம்தான்... கண்ணை மூடியிருக்கிறார்.